மதம் சார்ந்த சிறப்புப் பள்ளி: குழந்தையோடு வாசல் தாண்டி வரும் உரிமைகள் எவை?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிஃபோர்னியாவின் ஒரு கல்வி விதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிறப்புத் தேவையுள்ள குழந்தையை அரசுச் செலவில் தனியார் பள்ளிக்கு அனுப்புவதென்றால், அந்தப் பள்ளி மதம் சாராததாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. வழக்குப் போட்டவர்கள் ஆர்த்தடாக்ஸ் யூதப் பெற்றோரும் யூதப் பள்ளிகளும். மறு ஆண்டு, 2025 செப்டம்பர் 1 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வேறொரு கேள்வியை எழுப்பியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து முழு விலக்கு தந்த 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரிதானா, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பி வைத்தது.

இரண்டையும் படித்த பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இனி மதப் பள்ளிகள் சிறப்புக் குழந்தைகளைச் சேர்த்துத்தான் ஆக வேண்டுமா? அரசு பணம் கொடுத்தால் அரசு தரும் உரிமைகளும் கூடவே வருமா? பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு பிள்ளைக்கு யார் பொறுப்பு? மூன்றும் தனித்தனிக் கேள்விகள். செய்திகளில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "மதப் பள்ளி நல்லதா, கெட்டதா" என்ற விவாதத்தால் இதில் யாருக்கும் பயன் இல்லை. குழந்தை அந்த வாசலுக்குள் நுழையும்போது எந்த உரிமைகள் கூடவே வருகின்றன, எவை வெளியிலேயே நின்றுவிடுகின்றன என்று பார்க்கத் தெரிந்தால் போதும், மீதி தானாகப் புரியும்.

முதலில் சில சொற்கள்

சிறப்புக் கல்வி என்பது ஒரு கட்டடத்தின் பெயர் அல்ல. குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றி அமைத்த கற்பித்தலும், அதற்குத் துணையான பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, செயல்முறைப் பயிற்சி போன்றவையும் சேர்ந்ததே சிறப்புக் கல்வி. சாதாரண வகுப்பறையிலும் அது நடக்கலாம், தனிப் பள்ளியிலும் நடக்கலாம்.

தனிநபர் கல்வித் திட்டம், சுருக்கமாக ஐ.இ.பி., என்பது ஒரு குழந்தைக்கென்று எழுதும் ஆவணம். இப்போது என்ன செய்ய முடிகிறது, ஓராண்டில் எதை எட்ட வேண்டும், யார் வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்ன பயிற்சி தருவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சில நாடுகளில் அது சட்டப்படி கட்டுப்படுத்தும். வேறு சில இடங்களில் பள்ளியின் நல்லெண்ணத்தைப் பொறுத்த குறிப்பேடு மட்டும்தான். இந்த வித்தியாசம்தான் இக்கட்டுரை முழுக்கப் பின்னணியில் ஓடப்போகிறது.

மாறுதல் கல்வி, அதாவது டிரான்சிஷன், இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. தனி வகுப்பில் சில காலம் அடித்தளம் போட்டுவிட்டு, பொது வகுப்புக்குக் குழந்தையை அனுப்பும் இடைக்கால ஏற்பாடு ஒன்று. பதின்ம வயதில் தொடங்கி வேலை, மேற்படிப்பு, தனித்து வாழ்தல் ஆகியவற்றுக்குத் தயார்ப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினம். பெரும்பாலான பள்ளிகள் தடுமாறுவதும் அங்கேதான்.

"மதம் சார்ந்த பள்ளி" என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை மூன்று வகை:

1. மத அமைப்பு நடத்தும், ஆனால் வழக்கமான பாடங்களே கற்பிக்கும் பள்ளி. கன்னியாஸ்திரீகள் நடத்தும் செவித்திறன் குறைந்தோர் பள்ளி ஓர் உதாரணம். மதம் அங்கே நிர்வாகத்திலும் சூழலிலும் இருக்கும், பாடத்திட்டத்தில் இருக்காது.

2. மதக் கல்வியும் பொதுக் கல்வியும் சேர்ந்தே நடக்கும் பள்ளி. யூத நாள்பள்ளிகள், இஸ்லாமியப் பள்ளிகள், பல கிறிஸ்தவப் பள்ளிகள் இந்த வகை. சிறப்புக் குழந்தைகளுக்கு இதற்குள் தனி வகுப்போ துணை ஆசிரியரோ இருக்கலாம்.

3. மதக் கல்வியையே முதன்மையாகத் தரும் இடம். மதரஸா, வேத பாடசாலை போன்றவை.

சட்டம் இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. செய்தித் தலைப்புகள் மட்டும் ஒரே மாதிரி நடத்துகின்றன.

கருணையில் தொடங்கிய வரலாறு

சிறப்புக் கல்வியின் தொடக்கப் பக்கங்களை எழுதியவர்களில் பலர் மதத் துறவிகளும் குருமார்களும்தான். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பெத்ரோ போன்ஸே தெ லியோன் என்ற பெனடிக்டைன் துறவி, பிரபுக் குடும்பங்களின் காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்தார். பாரிஸில் 1760-களில் அபே தெ லெப்பே என்ற கத்தோலிக்கப் பாதிரியார் காது கேளாத ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். அவர்களுக்கு மறைக்கல்வி கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலைதான் அவரை முதலில் இந்த வேலைக்குள் இழுத்தது. அமெரிக்காவில் 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய தாமஸ் கேலடெட் மதகுருப் பயிற்சி பெற்றவர். இந்தியாவில் பார்வையற்றோருக்கான பள்ளியை 1887-இல் அமிர்தசரஸில் தொடங்கிய ஆனி ஷார்ப் ஒரு மிஷனரி. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியை உருவாக்கிய ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சனும் அப்படித்தான்.

இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. அரசுகள் இந்தக் குழந்தைகளைக் கல்விக்கு உரியவர்களாகவே கருதாத காலத்தில், இவர்கள் ஆளுக்கொரு எழுதுபலகையோடு உட்கார்ந்தார்கள். ஆனால் அன்று அந்தக் கல்வி உரிமையாக வரவில்லை, கொடையாக வந்தது. கொடையில் கொடுப்பவர் விரும்பியதுதான் கிடைக்கும். நிறுத்தினால் கேட்க முடியாது. தெ லெப்பே இறந்த பிறகு, 1791-இல் பிரெஞ்சு அரசு அவருடைய பள்ளியை நாட்டின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி இருந்த வேலை பொதுக் கடமையாக மாறியது அப்போதுதான். எல்லா நாடுகளிலும் அந்த மாற்றம் முழுதாக நடந்து முடியவில்லை என்பதுதான் இன்றைய வழக்குகளின் வேர்.

குடும்பங்கள் ஏன் தேடிப் போகின்றன

வீட்டில் மற்ற பிள்ளைகள் எல்லோரும் சமூகத்தின் பள்ளிக்குப் போகும்போது, ஒரு பிள்ளை மட்டும் வேறு வண்டியில் வேறு திசையில் போவது குடும்பத்தை உறுத்தும். பண்டிகை, உணவு முறை, உடை, வீட்டு மொழி எல்லாம் பள்ளியிலும் தொடர்ந்தால், ஒழுங்கு மாறினாலே பதறிப்போகும் ஆட்டிசக் குழந்தைக்கு அது பெரிய ஆறுதல். மதச் சடங்குகள் நாள்தோறும், வாரந்தோறும் ஒரே வரிசையில் நடப்பவை. அந்த ஒழுங்கே நல்ல கற்பித்தல் கருவியாவதைச் சிறப்பாசிரியர்கள் அறிவார்கள்.

இதன் தீவிரத்தைக் காட்டும் உண்மை நிகழ்வு நியூயார்க் மாநிலத்தின் கிரியாஸ் ஜோயல் என்ற ஊரில் நடந்தது. முழுக்க முழுக்க சாட்மர் ஹசிதிக் என்ற, மரபைக் கடுமையாகப் பேணும் யூதப் பிரிவினர் வாழும் ஊர் அது. வீட்டில் இத்திஷ் மொழி, வெளியே ஆண் பெண் தனித்தனி, தொலைக்காட்சி கிடையாது. அவர்களுடைய பள்ளியை ஒட்டிய கட்டடத்துக்கே அரசுச் சிறப்பாசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு ஆசிரியர்கள் மதப் பள்ளிகளுக்குள் போய்ப் பாடம் நடத்தக் கூடாது என்று ஒரு வழக்கில் சொன்னது. உடனே சேவை நின்றது. குழந்தைகள் பக்கத்துப் பொதுப் பள்ளிகளுக்கு, அதாவது அரசுப் பள்ளிகளுக்கு, போக வேண்டியதாயிற்று. வித்தியாசமான உடை, வித்தியாசமான மொழி, அதற்கு மேல் குறைபாடு. பயந்துபோய் ஒடுங்கினார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

1989-இல் மாநிலச் சட்டமன்றம் அந்த ஊருக்கென்றே ஒரு பொதுக் கல்வி மாவட்டத்தை (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) உருவாக்கியது. அந்த மாவட்டம் நடத்தியது சிறப்புக் கல்வி மட்டும்தான். ஒரு மதக் குழுவுக்கென்று அரசு அதிகாரத்தைத் தனியே பிரித்துக் கொடுப்பது செல்லாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அப்புறம் 1997-இல் 1985 தீர்ப்பையே அதே நீதிமன்றம் கைவிட்டது. அரசு ஆசிரியர்கள் மறுபடியும் மதப் பள்ளிக்குள் போகலாம் என்றானது. இடையில் ஓடிப்போனது 12 ஆண்டுகள். ஐந்து வயதில் பேச்சுப் பயிற்சி நின்றுபோன குழந்தைக்கு அப்போது 17 வயது. கொள்கையைப் பெரியவர்கள் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். குழந்தைப் பருவம் அதுவரை காத்துக்கொண்டிருக்காது.

உரிமை எதுவரை வருகிறது: மூன்று நாடுகள், மூன்று விடைகள்

*அமெரிக்கா.* 1975-இல் வந்து, 1990-இல் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறிய சட்டம்தான் அங்கே அடிப்படை. குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாகவும் அதன் தேவைக்குப் பொருத்தமாகவும் பொதுக் கல்வி தர வேண்டும் என்கிறது அது. ஆனால் குழந்தை தனியார் பள்ளிக்கு எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து உரிமை அடியோடு மாறும்:

1. தன்னால் தர முடியாததால் கல்வி மாவட்டமே குழந்தையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினால், ஐ.இ.பி. உட்பட எல்லா உரிமைகளும் கூடவே போகும். செலவும் மாவட்டத்துடையது.

2. பெற்றோர் தங்கள் விருப்பத்தால் சேர்த்தால், குழந்தையைக் கண்டறிந்து மதிப்பிடும் கடமை மாவட்டத்துக்கு உண்டு. அதற்கு மேல், குறிப்பிட்ட குழந்தைக்கு இவ்வளவு சேவை என்று கேட்கும் தனிப்பட்ட உரிமை இல்லை. மத்திய நிதியில் விகிதாசாரப் பங்கு ஒன்றை இத்தகைய குழந்தைகளுக்குச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு என்ன என்பதை மாவட்டம், பள்ளிகளோடு கலந்து பேசி முடிவெடுக்கும். ஐ.இ.பி.க்குப் பதிலாகச் சேவைத் திட்டம் என்ற சிறிய ஆவணம் கிடைக்கும்.

3. பொதுப் பள்ளி தன் கடமையில் தவறியது என்று நிரூபித்து, தனியார் பள்ளிச் செலவைத் திரும்பக் கேட்பது. 1985, 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதற்கு இடம் தந்தன. வழக்கறிஞரை வைக்க வசதி உள்ள குடும்பங்களுக்கே இது பெரும்பாலும் எட்டும்.

இப்போது 2024 தீர்ப்பைப் பாருங்கள். அது பேசியது முதல் வழியைப் பற்றி. மாவட்டம் அனுப்பும் பள்ளிகளின் பட்டியலில் மதப் பள்ளி என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை விலக்கக் கூடாது என்றது. எந்த மதப் பள்ளியும் எந்தக் குழந்தையையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டாம் வழியில் போகும் ஏராளமான குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பால் எதுவும் மாறவில்லை.

சேர்க்கை விஷயத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் 1990-ஆம் ஆண்டின் ஏ.டி.ஏ. சட்டப் பகுதி, மத அமைப்புகளுக்குப் பொருந்தாது. மத்திய அரசின் நிதி பெற்றால் 1973-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 504-ஆம் பிரிவு பொருந்தும். மதச் சுதந்திரத்தைக் காக்க இப்படிப்பட்ட விலக்குகள் ஓரளவு தேவைதான். ஆனால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது எந்த மதத்தின் நம்பிக்கைக்கும் முரணானது அல்ல. கோட்பாட்டைக் காக்கும் விலக்கு, கட்டடத்தையும் கழிப்பறையையும் சேர்த்துக் காக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

*இங்கிலாந்து.* அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே மதம் சார்ந்தவை. சேர்க்கையில் தம் மதத்தவருக்கு முன்னுரிமை தர அவற்றுக்கு விலக்கு உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்க விலக்கு இல்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழந்தையின் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டத்தில் அரசு நிதி பெறும் ஒரு பள்ளியின் பெயர் எழுதப்பட்டால், அந்தப் பள்ளி சேர்த்தாக வேண்டும், மதப் பள்ளியானாலும் சரி. அந்தத் திட்டம் 25 வயது வரை தொடரலாம். பணத்தோடு கடமையும் சேர்ந்து வரும் ஏற்பாடு இது. மூன்றில் இதுவே தெளிவானது.

*இந்தியா.* 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஒரே திருத்தம் இரண்டு வேலை செய்தது. குறைபாடுள்ள குழந்தைகளைப் பின்தங்கிய பிரிவினர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்கள் அவர்களுக்கும் உரியவையாயின. அதே திருத்தம் மதரஸாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாக மதக் கல்வி தரும் நிறுவனங்கள் ஆகியவற்றைச் சட்டத்திலிருந்து வெளியே வைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தரும், அரசியல் சாசனத்தின் 30-ஆம் உறுப்புதான் அடிப்படை. ஆக, ஒரு கையால் கிடைத்த 25 சதவீத உரிமை, பெரும் எண்ணிக்கையிலான பள்ளிகளின் வாசலில் நின்றுவிட்டது. 2025 செப்டம்பரில் பெரிய அமர்வுக்குப் போனது இந்த விலக்கைப் பற்றிய கேள்விதான்.

இங்கே கவனிக்க வேண்டியது: மதம் சார்ந்த பள்ளி எல்லாமே சிறுபான்மைப் பள்ளி ஆகிவிடாது. 30-ஆம் உறுப்பு மத, மொழிச் சிறுபான்மையினருக்கு மட்டும் உரியது. இந்து அறக்கட்டளை நடத்தும் பள்ளி, மொழிச் சிறுபான்மைத் தகுதி இல்லாவிட்டால், கல்வி உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

இதற்கு இணையாக 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ தன் விருப்பத்துக்குரிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு என்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் உள்ளடக்கிய கல்வி தருமாறு அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. "முயல வேண்டும்" என்பதுதான் வாசகம். பெற்றோர் பள்ளி வாசலில் நின்று வாதாடும்போது இந்தச் சொல்லின் பலவீனம் தெரியும்.

மதக் கல்வி குறித்து 28-ஆம் உறுப்பு தெளிவானது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், குழந்தையை மதக் கல்விக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்த வேண்டுமானால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். பிற மதத்துக் குழந்தையைச் சேர்க்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வவுச்சர் என்னும் பரிமாற்றம்

அரசுப் பணம் பள்ளிக்கு நேராகப் போகாமல் பெற்றோர் வழியாகப் போவது வவுச்சர் முறை. குறைபாடுள்ள மாணவர்களுக்கென்றே ஃபுளோரிடா 1999-இல் தொடங்கிய மெக்கே உதவித்தொகை இதில் முன்னோடி. மதப் பள்ளிகளிலும் அதைப் பயன்படுத்த முடிந்தது. 2022-இல் அமெரிக்காவின் மெயின் (Maine) மாநில வழக்கில், பெற்றோர் வழியாகத் தனியார் பள்ளிகளுக்குப் பணம் தரும் திட்டத்தில் மதப் பள்ளிகளை மட்டும் ஒதுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்த வழி இன்னும் அகலமாயிற்று.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. வவுச்சரை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால், பெற்றோரே விரும்பிச் சேர்த்ததாகத்தான் ஐ.டி.இ.ஏ. கருதும். அதாவது மேலே சொன்ன இரண்டாம் வழி. பணம் கைக்கு வருகிறது, தனிப்பட்ட சேவை உரிமை கையை விட்டுப் போகிறது. இந்த மாற்றத்தைப் பற்றி வவுச்சர் திட்டங்கள் பெற்றோருக்குச் சரியாகத் தெரிவிப்பதில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017-இல் அறிக்கை தந்தது. சில குடும்பங்களுக்கு இந்தப் பரிமாற்றம் லாபமாகவே அமையும். அது பெற்றோர் அறிந்து செய்த முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பள்ளிக்குப் பிறகு: மதச் சமூகத்தின் பலமும் அதன் மறுபக்கமும்

அமெரிக்கச் சட்டப்படி மாணவருக்கு 16 வயது ஆவதற்குள் ஐ.இ.பி.யில் மாறுதல் திட்டம் இடம்பெற வேண்டும். இங்கிலாந்தில் 13-14 வயதில் வரும் ஒன்பதாம் ஆண்டிலேயே இதற்கான பேச்சு தொடங்க வேண்டும். நல்ல திட்டத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கும். எங்கே வேலை அல்லது படிப்பு? எங்கே, யாரோடு வாழ்வது? எப்படிப் பயணம் செய்வது, பணத்தைக் கையாள்வது? முடிவுகளை யார் எடுப்பது? கடைசிக் கேள்வியைத்தான் குடும்பங்கள் தள்ளிப் போடுகின்றன. 18 வயதில் சட்டப்படி பெரியவராகிவிடும் பிள்ளைக்கு முழுக் காப்பாளர் வேண்டுமா, துணையோடு தானே முடிவெடுக்க முடியுமா என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, துணையோடு முடிவெடுக்கும் வழியையே வலியுறுத்துகிறது.

மதப் பள்ளிக்கு இங்கே ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பொதுப் பள்ளியின் உறவு படிப்போடு முடிந்துவிடும். கோயில், தேவாலயம், மசூதி, ஜெப ஆலயம் ஆகியவற்றின் உறவு வாழ்நாள் முழுக்க நீடிக்கும். அங்கே கடை வைத்திருப்பவர், அச்சகம் நடத்துபவர், மருத்துவமனையில் அதிகாரியாக இருப்பவர் எல்லோரும் அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள். படிக்கும்போதே சம்பளத்துடன் வேலை அனுபவம் பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் வேலை கிடைப்பது கூடுதல் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிகிற விஷயம். அப்படியானால் அந்த முதல் வேலையைத் தரக்கூடிய ஐம்பது பேரைக் கைவசம் வைத்திருக்கும் பள்ளி, பெரிய சொத்தை வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பள்ளிகள் குறைவு என்பதுதான் வருத்தம்.

பெரும்பாலும் நடப்பது வேறு. படித்து முடித்த பிள்ளையை அதே வளாகத்தில் உதவியாளராக வைத்துக்கொள்கிறார்கள். சமையலறையில் பாத்திரம், வழிபாட்டுக் கூடத்தில் துடைப்பம், தோட்டத்தில் தண்ணீர். இதைத் தொண்டு என்று அழைத்துவிட்டால் சம்பளம் பற்றிய பேச்சே எழாது. குடும்பமும் நிம்மதியாக இருக்கும், பிள்ளை பத்திரமாக இருக்கிறதே என்று. 15 ஆண்டுகள் கழித்தும் அந்த இளைஞருக்கு வங்கிக் கணக்கில் சொந்தமாகச் சம்பாதித்த பணம் இருக்காது, வேலை அனுபவச் சான்று இருக்காது, வளாகத்துக்கு வெளியே நண்பர் இருக்கமாட்டார். பாதுகாப்பு என்ற பெயரில் மாறுதல் நடக்காமலே போய்விட்டது. தொண்டு செய்வது அவருடைய விருப்பமானால், மற்ற தொண்டர்களைப் போல வாரத்தில் சில மணி நேரம் செய்யட்டும். வேலை என்றால் அதற்குக் கூலி உண்டு.

சேர்ந்து வாழும் சமூகங்களை இதே தட்டில் வைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் கார்ல் கோனிக் 1940-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில், ஆன்மிக அடிப்படையிலான சிறப்புப் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தபோது, பெரியவர்களுக்கான கிராமங்கள் பிறந்தன. பண்ணை, ரொட்டிச் சாலை, நெசவு என்று எல்லோரும் ஒன்றாக உழைத்து ஒன்றாக வாழும் முறை. குறைபாடு இல்லாதவர்களும் அதே வீட்டில் அதே வாழ்க்கையைப் பகிர்ந்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. அப்படியும்கூட, அங்கே வாழ்வதை அவரே தேர்ந்தெடுத்தாரா, வேண்டாம் என்றால் வெளியே போக வழி இருக்கிறதா என்பதை எந்தச் சமூகத்திடமும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், சான்றிதழ். அமெரிக்காவில் வழக்கமான உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்தைப் பெற்ற நாளோடு ஐ.டி.இ.ஏ. உரிமை முடிந்துவிடும். பெறாவிட்டால் பல மாநிலங்களில் 21 வயது முடியும் வரை நீளும். வகுப்புத் தோழர்களோடு 18 வயதில் மேடை ஏறிப் பட்டயம் வாங்குவது மகிழ்ச்சியான தருணம்தான். அதற்கு விலையாக மூன்று, நான்கு ஆண்டு இலவச மாறுதல் சேவையை இழக்கிறோமா என்று அதற்கு முந்தைய ஆண்டே கேட்க வேண்டும். விழாவில் பங்கேற்றுவிட்டுப் பட்டயத்தைப் பின்னர் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. இந்தியச் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 18 வயதோடு முடிவதால், மாறுதல் பயிற்சியை 14 வயதுக்குப் பிறகு தொடங்கும் பள்ளி ஏற்கெனவே தாமதித்துவிட்டது.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் கண்காணிப்பு

மதத்தின் பெயரால் நடக்கும் இடத்தைச் சந்தேகிப்பது பாவம் என்று பெற்றோர் தயங்குவார்கள். அயர்லாந்தில் 2009-இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கையை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய விடுதிகளிலும் பள்ளிகளிலும் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதை அது பதிவு செய்தது. அறிவுசார் குறைபாடுள்ள சிறுவர்களின் இல்லமும் அதில் உண்டு. நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தை, சொன்னாலும் நம்பாத சுற்றம், கேள்வி கேட்க முடியாத நிர்வாகம். மூன்றும் சேரும் இடம் எந்த மதத்துக்குரியதாக இருந்தாலும், மதமே இல்லாததாக இருந்தாலும் ஆபத்தானதுதான். வெளியாள் ஆய்வு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம் என்ற விதி, எழுத்தில் உள்ள புகார் முறை ஆகியவை நல்ல நிர்வாகத்தை ஒருபோதும் புண்படுத்தாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குறைபாட்டை முன்வினை, பாவம், சோதனை என்று விளக்கும் பேச்சு பல மதங்களின் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. அது வகுப்பறைக்குள் வரும்போது பயிற்சியின் இடத்தைப் பரிகாரமும் பிரார்த்தனையும் பிடிக்கும். வழிபாடு குடும்பத்துக்கு மனவலிமை தரட்டும், அதை யாரும் மறுக்கவில்லை. பேச்சுப் பயிற்சி நேரத்தை அது தின்னக் கூடாது. மாறாக, மதங்களுக்குள்ளேயே நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. குறைபாடுள்ளவர்களுக்குத் திருவருட்சாதனங்களை (திருமுழுக்கு, நற்கருணை போன்ற சடங்குகளை) எப்படி வழங்குவது என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1995-இல் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். குறைபாட்டைக் காரணமாக்கி யாரையும் ஒதுக்காமல், தேவையான துணையைத் தந்து பங்கேற்கச் செய்வது அதன் அணுகுமுறை.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த வழியில் சேர்க்கிறோம்? அரசு அனுப்புகிறதா, நாமாகச் சேர்க்கிறோமா? எந்த உரிமையை இழக்கிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். பொதுப் பள்ளிக்குத் திரும்பினால் அந்த உரிமைகள் திரும்புமா என்பதையும் சேர்த்து.

2. சிறப்பாசிரியரின் தகுதி என்ன? இந்தியாவில் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அன்பான உதவியாளர் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மாற்று ஆகமாட்டார்.

3. ஐ.இ.பி. உண்டா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள்? போன ஆண்டு எட்டாத இலக்குகளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த ஆவணம் அலமாரிக்காக எழுதப்பட்டது.

4. தனி வகுப்பு இடைக்காலமா, நிரந்தரமா? இடைக்காலம் என்றால், கடந்த சில ஆண்டுகளில் பொது வகுப்புக்குப் போன மாணவர்கள் எத்தனை பேர்? காலையும் மாலையும் வழிபாட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து, நடுவில் நாள் முழுக்கத் தனி அறையில் இருந்தால் அது சேர்ந்து படிப்பது ஆகாது.

5. பழைய மாணவர்கள் இப்போது எங்கே? எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள், அதில் எத்தனை பேர் வளாகத்துக்கு வெளியே? இந்த ஒரு கேள்விக்கான பதிலில் பள்ளியின் மாறுதல் கல்வி முழுதும் தெரிந்துவிடும்.

6. பள்ளி மூடினாலோ, நிர்வாகம் மாறினாலோ, குடும்பம் மதம் அல்லது ஊர் மாறினாலோ என்ன ஆகும்? குழந்தையின் மதிப்பீட்டு அறிக்கைகள், முன்னேற்றப் பதிவுகள், தெரபி குறிப்புகள் எல்லாவற்றின் நகலையும் ஆண்டுதோறும் வாங்கி வீட்டில் வையுங்கள். அடுத்த பள்ளியிலோ, அரசு அலுவலகத்திலோ, காப்பாளர் உரிமை கோரும் இடத்திலோ கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான்.